காயாத நெத்திலி

வாசகர் கேள்வி – பதில். பாம்பனில் நாற்பது வருடமாகக் கருவாட்டு வியாபாரம் செய்யும் அம்மா ஒருவர், வியாபாரத்தில் நேர்மை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

*

அம்மா, மண்டபத்தில் மூன்று வருடமாக மீன் வாங்கி விற்கிறேன். எடையில் கை வைப்பதில்லை. நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவர் இரண்டும் செய்கிறார், மாடி வீடு கட்டிவிட்டார். நேர்மையாக இருந்தால் தொழில் நிலைக்கும் என்கிறார்களே, அது உண்மையா, ஆறுதலுக்குச் சொல்வதா?
– ஒரு வாசகர், மண்டபம்

தம்பி, பக்கத்துக்காரர் மாடியைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. அது யார் பணத்தில் எழும்பியது, அதன் மேல் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதெல்லாம் தெருவில் நின்று பார்த்தால் தெரியாது. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதிலிருந்துதான் எனக்கு இந்த விஷயமே புரிந்தது.

பரமக்குடியில் ஒரு மளிகைக் கடை. என் அம்மா காலத்திலிருந்து எங்களிடம் கருவாடு வாங்கியவர்கள். அம்மா கூடையில் கட்டிப் பாம்பனில் ரயில் ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பார். அம்மாவுக்குப் பிறகு நான். 1998 ஐப்பசியில் தொள்ளாயிரம் கிலோ பச்சை நெத்திலி எடுத்துக் காயப் போட்டிருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. தார்ப்பாய் போட்டு மூடுவதும் எடுப்பதுமாக ஒரு வாரம் போனது.

நெத்திலி காய்ந்துவிட்டதா என்று தெரிய ஒன்றை எடுத்து வளைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்தது டக்கென்று முறியும், முறிந்த இடத்தில் முள் வெள்ளையாகத் தெரியும். காயாதது வளைந்து கொடுக்கும், கையை விட்டால் மெல்ல நிமிரும். இரண்டு கையாலும் அள்ளித் தார்ப்பாயில் போட்டால் காய்ந்தது சலசலவென்று விழும், காயாதது தொப்பென்று விழும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விரலுக்கும் காதுக்கும்தான் வித்தியாசம் தெரியும்.

அன்றைக்கு என் நெத்திலி வளைந்தது.

நாலு கிலோ பச்சை நெத்திலி நன்றாகக் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும். அப்படியானால் எனக்கு 225 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை ஒன்பது தேற வேண்டும். நான் கட்டியது 12 மூட்டை. மூன்று மூட்டை தண்ணீரை நெத்திலி விலைக்கு விற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் செய்தேன்? ஆசையினால் மட்டும் என்றால் கதை சுலபம். சனிக்கிழமை வட்டிக்காரருக்குத் தவணை. மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி. இன்னும் மூன்று நாள் வெயிலுக்குக் காத்திருந்தால் சரக்கு சரியாகியிருக்கும், தவணை தப்பியிருக்கும். தவணை தப்பினால் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார்கள். அந்த மூன்று நாளை என்னால் வாங்க முடியவில்லை. மூட்டையைத் தைத்து அனுப்பிவிட்டேன்.

பரமக்குடிக்காரர் பணம் கொடுத்துவிட்டார். கோபமாக ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த ஆர்டரும் வரவில்லை. தையில் நானே நேரில் போனேன். கடைக்குப் பின்னால் என் மூட்டைகள் கிடந்தன. சணல் சாக்கின் மேலேயே பூஞ்சை பூத்து, பக்கத்தில் போக முடியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார், "உங்க அம்மா கொண்டாந்த மூட்டையை நான் ஒரு நாளும் பிரிச்சுப் பாத்ததில்லம்மா. அப்படியே மாத்தி விட்டுருவேன்."

பேருந்தில் வரும்போது அந்த வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பிரித்துப் பார்த்ததில்லை. அம்மா எனக்கு விட்டுப்போன சொத்து அதுதான். நான் மூன்று மூட்டைத் தண்ணீருக்கு அதை விற்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அவர் என் மூட்டை ஒவ்வொன்றையும் பிரித்தார். மேலே ஒரு கை, நடுவில் ஒரு கை, அடியில் ஒரு கை எடுத்து முறித்துப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார், அதுவும் பாதிதான், மீதி விற்ற பிறகு. நான் நின்றுகொண்டே இருப்பேன். அரை நாள் போகும், கடைசி வண்டி போய்விடும். நம்பிக்கை போனால் என்ன செலவாகும் என்று யாராவது கேட்டால் நான் ரூபாயில் கணக்குச் சொல்வேன்: பிரித்துத் தைக்கக் கூலி, பாதிப் பணத்துக்கு மூன்று மாத வட்டி, போகிற வருகிற நாள். 2001-ல் ஒரு நாள் மூட்டையை இறக்கினேன். அவர் பையனைக் கூப்பிட்டு, "உள்ள அடுக்குடா" என்றார். ஊசியை எடுக்கவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

2004 டிசம்பரில் சுனாமி வந்தது. இலங்கை மறைத்துக்கொண்டதால் நாகப்பட்டினம் போல எங்கள் கரைக்கு அழிவு இல்லை. ஆனால் மீனே வேண்டாம் என்று ஜனங்கள் ஒதுங்கிவிட்டார்கள். கருவாடு வாங்கவும் ஆள் இல்லை. பரமக்குடியிலிருந்து அவரே போன் பண்ணினார். "சுனாமிக்கு முந்தி காய வச்சதுன்னு நீங்க சொன்னாப் போதும். நான் என் ஆளுகட்டச் சொல்லிக்கிறேன்." நான் எது முந்தினது, எது பிந்தினது என்று பிரித்துச் சொன்னேன். முந்தினதை அனுப்பச் சொன்னார். அந்த மாதம் எங்கள் வரிசையில் அடுப்பு எரிந்த வீடுகளில் என் வீடும் ஒன்று.

ஆக, உன் கேள்விக்கு வருகிறேன். திரும்ப வருகிற ஆளிடம் விற்கும் தொழிலில் நேர்மை சம்பாதித்துக் கொடுக்கும், ஆனால் தாமதமாகக் கொடுக்கும். ஒரே தடவை வந்து போகிறவரிடம் விற்கும் இடத்தில் ஏமாற்றுகிறவர் வருடக் கணக்காக நன்றாகவே இருப்பார், நான் பார்த்திருக்கிறேன். ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகர் அடுத்த தடவை வருவது பத்து வருடம் கழித்தாக இருக்கலாம். அங்கே நஷ்டப்படுவது ஏமாற்றியவர் இல்லை, அந்தத் தெருவில் சரியான விலை சொல்கிற மற்றவர்கள். வருகிற ஆள் யார் என்ன விலை சொன்னாலும் பாதிக்குக் கேட்கிறார். இது அநியாயம், இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேர்மையான ஆட்கள் நொடித்துப் போனதையும் இதே கரையில் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்து, யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி வைக்காமல் போனவர்கள். நல்ல மனசு கணக்கு நோட்டைப் பார்த்துக்கொள்ளாது.

உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். உன் கடனை முதலில் பார். சனிக்கிழமை தவணை இருக்கிறவனுக்கு வெள்ளிக்கிழமை உண்மை பேசுவது மிகவும் கஷ்டம். மூன்று நாள் காத்திருக்க முடிகிற அளவுக்குத் தொழிலைச் சின்னதாக வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

*

அக்கா, நாங்கள் பனை ஏறுகிறவர்கள். சுத்தமான கருப்பட்டி காய்ச்சுகிறோம். சீனி கலந்தது பாதி விலைக்குச் சந்தையில் கிடைக்கிறது. எங்களுடையதும் அதுவும் ஒரே தட்டில் இருந்தால் எதை வாங்குவார்கள்?
– ஒரு வாசகி, சாயல்குடி பக்கம்

விலை குறைந்ததைத்தான் வாங்குவார்கள் தாயி. ஒரே தட்டில் வைக்காதே.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அதற்கு எத்தனை மரம், எத்தனை ஏற்றம், எவ்வளவு விறகு, அடுப்பின் முன்னால் எத்தனை மணி நேரம் என்று உனக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. சீனி மூட்டையைக் கொட்டிக் கலக்குகிறவருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அவர் விலையோடு நீ மோத முடியாது. மொத்த வியாபாரியிடம் போட்டால் அவர் உன்னுடையதையும் அதோடு சேர்த்துக் கலந்துவிடுவார், உன் உழைப்பின் பெயர் அங்கேயே அழிந்துவிடும்.

நம் மாவட்டத்துக் குண்டு மிளகாயைப் பார். 2023-ல் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாய் அதற்கு முந்தியும் அதே மிளகாய்தான். எங்கே விளைந்தது என்று சொல்லி விற்க ஒரு வழி கிடைத்தது, அதுதான் புதுசு. நீயும் ஊர்ப் பெயரைச் சொல்லி, காய்ச்சிய மாதத்தைச் சொல்லி, நேராக வீடுகளுக்கு விற்கப் பார். பிரசவம் ஆன வீடு, நாட்டு மருந்துக் கடை, கருப்பட்டிக் காப்பி போடுகிற டீக்கடை என்று சுத்தமானது வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். இருபது வீடு கிடைத்தால் ஒரு சீசனுக்கு அது ஆரம்பம். வாங்க வருகிறவர்களைப் பங்குனி, சித்திரையில் கூப்பிட்டு அடுப்பைக் காட்டு. கொப்பரையில் பதநீர் நுரைத்துப் பாகாவதை ஒரு தடவை நின்று பார்த்தவர், விலையைப் பற்றி அப்புறம் கேட்க மாட்டார்.

இந்த வருடம் கையைக் கடிக்கும். அதைச் சொல்லாமல் உன்னைத் தைரியமாக இரு என்று மட்டும் சொன்னால் நான் உன்னை ஏமாற்றுகிறவள் ஆவேன்.

*

பெரிய கம்பெனிகளுக்கும் இதெல்லாம் பொருந்துமா? அங்கே ஆயிரக்கணக்கான கோடி புரள்கிறதே.
– ஒரு கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

என் மகள் வணிகவியல் படித்தவள். அவள்தான் எனக்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதையைப் படித்துச் சொன்னாள். ஹைதராபாத் கம்பெனி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். வங்கியில் இருப்பதாகக் கணக்கில் காட்டியதில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை. முதலில் உண்மையான லாபத்துக்கும் கணக்கில் காட்டியதற்கும் சின்ன இடைவெளிதான் இருந்ததாம். வருடா வருடம் அது வளர்ந்ததாம். மகள் இதைப் படித்தபோது எனக்கு என் 12 மூட்டைதான் நினைவுக்கு வந்தது. முதல் தடவை மூன்று மூட்டை தண்ணீர். அதை மறைக்க அடுத்த தடவை நாலு மூட்டை வேண்டும். என்னைப் பரமக்குடிக்காரர் முதல் தடவையே நிறுத்திவிட்டார், ராஜுவை யாரும் நிறுத்தவில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 1982-ல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் யாரோ டைலனால் என்கிற வலி மாத்திரையில் சயனைடு கலந்து வைத்ததில் 7 பேர் இறந்தார்கள். கலந்தது கம்பெனி இல்லை. இருந்தும் அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுக்க 3 கோடிக்கும் அதிகமான புட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிரித்தால் தெரிந்துவிடுகிற மாதிரி உறை போட்டு மறுபடி கொண்டுவந்தது, ஜனங்கள் மறுபடி வாங்கினார்கள். அந்தச் செலவைத் தாங்கக் கம்பெனியிடம் பணம் இருந்தது என்பதையும் கவனி. அதே கம்பெனி மேல்தான் பிற்காலத்தில் குழந்தைகள் பவுடர் சம்பந்தமாக ஆயிரக்கணக்கில் வழக்குகள் வந்தன. 1982-ல் சம்பாதித்த பெயரை வைத்துக் காலத்துக்கும் சாப்பிட முடியாது.

நம் பக்கத்திலேயே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது. பணம் கட்ட முடிந்தவர் கட்டுவார், முடியாதவருக்கு இலவசம். எங்கள் கரையில் கண்புரை எடுத்த கிழவிகளில் பாதிப் பேர் அங்கே போனவர்கள். "மதுரைக்குப் போய்ட்டு வா" என்றால் யாரும் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பதில்லை.

*

கடையில் எடை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, கீழக்கரை

வீட்டிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், தராசில் வைத்துப் பாருங்கள். கோபப்படாத கடையில் வாங்குங்கள். மின்னணுத் தராசுக்கு வருடம் ஒரு தடவை அரசு முத்திரை வைக்க வேண்டும், நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை இதைப் பார்க்கிறது. முத்திரைச் சான்றைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மீன் வாங்கும்போது ஐஸையும் தண்ணீரையும் வடித்துவிட்டு நிறுக்கச் சொல்வது உங்கள் உரிமை.

*

என் மகன் கருவாட்டுக் கிட்டங்கி (சரக்கு வைக்கும் கூடம்) வைத்திருக்கிறான். நாலு மூட்டையை இரண்டு நாள் வைத்திருந்தால் போதும், ஒரு மாத வாடகை தருகிறேன் என்று ஒருவர் கேட்கிறார். உள்ளே இருப்பது கடல் அட்டை என்கிற கடல் உயிரினம் என்று நினைக்கிறேன். மகன், "நாம விக்கலையே, வைக்க இடம்தானே கொடுக்குறோம்" என்கிறான்.
– ஒரு தகப்பனார், தொண்டி

அண்ணே, இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். கடல் அட்டையைப் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். மூன்றிலிருந்து ஏழு வருடம் வரை சிறை உண்டு. மூட்டை யார் கிட்டங்கியில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் பிடிப்பார்கள். மூட்டைக்குச் சொந்தக்காரர் ஊரிலேயே இருக்க மாட்டார்.

கடலில் முங்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் இந்தக் கரையில் நிறைய. அந்தத் தடையால் அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தடை வேண்டாம் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதை மனு கொடுத்து, கூட்டம் போட்டு, வெளிச்சத்தில் கேட்க வேண்டும். ராத்திரியில் மூட்டை மாற்றுகிறவருக்கும் அந்தக் குடும்பங்களுக்கும் சம்பந்தம் கிடையாது.

மகனிடம் ஒன்று கேளுங்கள். ஒரு மாத வாடகை அவனுக்கு இப்போது எதற்கு இவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது? அதை உங்களிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருக்கலாம்.

*

அக்கா, என் வீட்டுக்காரர் வத்தையில் (சின்னப் படகில்) நண்டு வலை விடுகிறார். எஞ்சின் வாங்க வியாபாரியிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கினோம். வட்டி கிடையாது என்றார். ஆனால் வெளியில் கிலோ 400 போகும்போது எங்களுக்கு 340 தான் போடுகிறார். முன்பணம் அப்படியே நிற்கிறது. பாதி நண்டை ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஆளுக்குக் கொடுத்தால் தப்பா? அவர் மட்டும் நேர்மையாகவா இருக்கிறார்?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

அவர் நேர்மையாக இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டி இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு விலையில் எடுத்துக்கொள்கிறார்.

எவ்வளவு எடுக்கிறார் என்று கணக்குப் போட்டிருக்கிறாயா? கிலோவுக்கு 60 ரூபாய். ஒரு நாளைக்கு எட்டு கிலோ என்று வைத்தால் 480. மாதம் பதினைந்து நாள் கடலுக்குப் போனால் 7,200. பத்து மாதத்தில் 72,000. வாங்கின முன்பணத்தைவிட அதிகமாக ஒரே வருடத்தில் கொடுத்துவிட்டீர்கள், அசல் அறுபதாயிரம் இன்னும் அப்படியே நிற்கிறது. என் வட்டிக்காரர்கூட வட்டி என்று பெயர் சொல்லித்தான் வாங்கினார்.

ஆனாலும் ராத்திரியில் கொடுக்காதே. பாவம் புண்ணியத்துக்காகச் சொல்லவில்லை. தேவிபட்டினம் கரையில் எந்த வத்தை எங்கே நண்டு இறக்கியது என்பது விடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் ஏமாற்றினீர்கள் என்பதுதான் பேச்சாக இருக்கும், அவர் எடுத்த 72,000 பேச்சில் வராது. நியாயம் உன் பக்கம் இருக்கும்போது அதைக் கையை விட்டுவிடாதே.

பகலில் போ. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போ. "அண்ணே, கடனைக் கடனாக வையுங்கள், நண்டை நண்டாக வையுங்கள். வெளி விலை போடுங்கள், ஒவ்வொரு இறக்கத்திலும் அசலில் இவ்வளவு கழித்து எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்று கேள். ஒப்புக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், நல்ல நண்டு கொண்டுவருகிற வத்தையை இழக்க அவர்களுக்கும் மனசு வராது. ஒப்புக்கொள்ளாவிட்டால் அறுபதாயிரத்தை வேறு இடத்தில் புரட்டி அடைத்துவிட்டு வெளியே வர வேண்டும். மகளிர் குழுக் கடன் இருக்கிறது. விவசாயிகளுக்குத் தரும் கிசான் கடன் அட்டையை மீனவர்களுக்கும் தருவதாக 2018-19 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அதற்கு வங்கியில் மனு கொடு. மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் கேட்டுப் பார். நான் வட்டிக்காரரிடமிருந்து வெளியே வந்தது குழுக் கடனில்தான். தோட்டையும் அடகில் வைத்தேன், இரண்டு வருடம் ஆனது.

உன் பக்கமும் ஒன்றைச் சரியாக வைத்துக்கொள். சதை பிடிக்காத நண்டை அடியில் போட்டு மேலே நல்லதை அடுக்குகிற பழக்கம் சில பேருக்கு உண்டு. உங்களிடம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடு. நாளைக்கு விலை கேட்க நிற்கும்போது அவர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு நண்டாகத்தான் இருக்கும்.

கடைசி மூன்று மாதம் இறக்கின எடை, அவர் போட்ட விலை, அன்றைய வெளி விலை மூன்றையும் நாள் வாரியாக ஒரு நோட்டில் எழுது. ஞாபகத்திலிருந்து எழுதாதே, சிட்டைகளைப் பார்த்து எழுது. நோட்டை நகல் எடுத்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்பி வை, என்னிடம் சேர்ப்பார்கள். நீ அவரிடம் பேசப் போவதற்கு முன்னால் கூட்டலை ஒரு தடவை நானும் போட்டுப் பார்த்துவிடுகிறேன்.